“முடியாது என்றாவது சொல்லிவிடுங்கள்!” – கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நிலநடுக்கத்தில் சிதைந்த நகரங்கள் மீண்டு வருவது பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தோம். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரைக் குறிப்பிட்டதைப் பார்த்துப் பல வாசகர்கள் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். பதில் சொல்பவர் நம் நெடுநாள் வாசகி. திண்டுக்கல்லில் பிறந்தவர், 2003 முதல் கிறைஸ்ட்சர்ச்சில் வாழ்கிறார், முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளராக வேலை பார்க்கிறார்.

குலுங்கியது சில விநாடிகள்தான். நாடும் வசதியான நாடு. அப்படியிருந்தும் ஓர் ஊர் எழுந்து நிற்க ஏன் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பணம் இல்லாமல் வேலை நிற்கவில்லை அம்மா. முதலில், நிலம் அடங்கவில்லை. 2010 செப்டம்பர் 4 அதிகாலை 4:35க்கு வந்தது 7.1 அளவு. மையம் ஊருக்கு மேற்கே, டார்ஃபீல்டு பக்கம். எல்லோரும் படுக்கையில் இருந்த நேரம் என்பதால் கட்டடம் விழுந்து ஒருவர்கூடச் சாகவில்லை. புகைபோக்கிகள் சரிந்தன, கடைவீதியில் பழைய செங்கல் சுவர்கள் கொட்டின. தப்பித்தோம் என்று பழுது பார்க்க ஆரம்பித்தோம். 2011 பிப்ரவரி 22, செவ்வாய்க்கிழமை பகல் 12:51க்கு அடுத்தது. அளவு 6.3தான். ஆனால் லிட்டெல்டன் துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில், ஏறக்குறைய எங்கள் காலடியிலேயே. 185 பேர் போனார்கள்.

அதோடு முடியவில்லை. ஜூன் 13 அன்று ஒரே மதியத்தில் இரண்டு பெரிய நடுக்கம். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, டிசம்பர் 23 அன்று மறுபடி இரண்டு. இடையில் சின்னதும் பெரிதுமாக ஆயிரக்கணக்கில். பூசிய சுவர் மறுபடி விரியும்போது எந்தக் கொத்தனார் வேலையைத் தொடர்வார்? காப்பீட்டு நிறுவனங்கள் புதிய பாலிசி எழுதுவதை நிறுத்திவிட்டன. பாலிசி இல்லாமல் வங்கி கடன் தராது. கடன் இல்லாமல் வீடு வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. ஊரே அப்படிக் கட்டுண்டு கிடந்தது.

இரண்டாவது காரணம் காகிதம். இங்கே அப்போது வீட்டுக்குக் காப்பீடு எடுத்தால் அதோடு சேர்ந்து அரசின் நிலநடுக்க ஆணையத்தின் பாதுகாப்பும் வந்துவிடும். அன்றைய விதிப்படி வீட்டுச் சேதத்தில் முதல் ஒரு லட்சம் டாலரும் வரியும் ஆணையத்தின் பொறுப்பு. அதற்கு மேல் போனால் தனியார் நிறுவனத்தின் பொறுப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு லட்சம் ஒவ்வொரு நடுக்கத்துக்கும் தனித்தனி. ஆக, ஹாலில் இருக்கும் இந்த விரிசல் செப்டம்பரில் வந்ததா, பிப்ரவரியில் வந்ததா, ஜூனில் வந்ததா? அதைத் தீர்மானித்தால்தான் யார் எவ்வளவு கொடுப்பது என்று தெரியும். நாலு லட்சத்துக்கும் மேலான விண்ணப்பங்களை வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்குப் பதில் தேடினார்கள்.

என் தோழி ஒருத்தியின் வீட்டை மட்டும் சொல்கிறேன். முதலில் வந்த மதிப்பீட்டாளர், அஸ்திவாரம் பரவாயில்லை, சுவரை ஒட்டுப்போட்டால் போதும் என்று எழுதினார். அடுத்தவர் வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, தூக்கி நிறுத்த வேண்டும் என்றார். மூன்றாமவர் இடித்துக் கட்ட வேண்டும் என்றார். ஒவ்வொரு தடவையும் நிறுவனத்தில் அவளுடைய கோப்பைப் பார்க்கும் ஆள் மாறியிருப்பார். முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். வாசற்கதவு மூடாமல் போகும்போதெல்லாம் கணவர் அடிப்பக்கத்தை இழைத்து இழைத்துக் கடைசியில் கதவுக்குக் கீழே பூனை நுழைகிற அளவு இடைவெளி. அந்த இடைவெளியில் பழைய துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு குளிர்காலங்களைக் கழித்தார்கள். அவள் சொல்வாள்: “முடியாதுன்னாவது சொல்லித் தொலைங்கப்பா, நாங்க வேற வழி பாத்துக்கறோம்.”

என்னைக் கேட்டால், ஊரைத் தளர வைத்தது இதுதான். இழப்பை ஏற்றுக்கொள்ள மனிதருக்குத் தெரியும். ‘பார்த்துக்கொண்டிருக்கிறோம்’ என்ற பதிலோடு வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கத் தெரியாது. இப்படித் தேங்கிய வழக்குகளுக்காகவே 2019ல் தனித் தீர்ப்பாயம் அமைக்க வேண்டி வந்தது. நடுக்கம் நடந்து எட்டு வருடம் கழித்து!

2015 வெள்ளத்தில் பத்து நாள் கழிவறை இல்லாமல் நாங்கள் பட்ட பாடு மறக்காது. அங்கே தண்ணீருக்கும் கழிவறைக்கும் என்ன செய்தீர்கள்?
– ஒரு வாசகி, வேளச்சேரி

உங்களுக்குத்தான் இது புரியும். எங்கள் வீடு டாலிங்டன் என்ற பகுதியில், ஏவான் ஆற்றுக்குப் பக்கத்தில். ஊரின் கிழக்குப் பாதி முழுக்கக் கழிவுநீர்க் குழாய்கள் முறிந்துவிட்டன. குழாயில் தண்ணீர் வந்த பிறகும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. செய்தால் நாலு வீடு தள்ளி யாருடைய முற்றத்திலாவது அது வெளியே வரும்.

முதல் நாட்களில் தோட்டத்தில் குழி வெட்டினோம். சுற்றிலும் பழைய படுக்கை விரிப்பைக் கட்டினார் என் கணவர். திண்டுக்கல்லில் பாட்டி வீட்டுக் கொல்லையைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால் எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பன்னிரண்டு வயது மகளுக்குத்தான் அழுகையாக வந்தது. பிறகு தெருவோரத்தில் பிளாஸ்டிக் கழிவறைக் கூண்டுகளை வரிசையாகக் கொண்டுவந்து வைத்தார்கள். வெளிநாட்டிலிருந்தெல்லாம் வரவழைத்தார்களாம். இரவு இரண்டு மணிக்கு மழையில் டார்ச் விளக்கோடு தெருவைக் கடந்து போக வேண்டும். அதற்கப்புறம் வீட்டுக்கொன்றாக ரசாயனக் கழிவறை கொடுத்தார்கள். சூட்கேஸ் அளவுதான் இருக்கும், அடியில் ஒரு தொட்டி. தொட்டி நிறைந்ததும் தெருமுனையில் இருக்கும் பெரிய தொட்டியில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். மாலை நேரத்தில் ஆளுக்கொரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு போவோம். அதுவரை கையசைத்ததோடு சரி என்றிருந்த பக்கத்து வீட்டார் அங்கேதான் பேச ஆரம்பித்தார்கள். யார் வீட்டுக்கு மதிப்பீட்டாளர் வந்தார், எந்தக் கடையில் பால் இருக்கிறது, எந்தப் பாலம் திறந்திருக்கிறது என்ற செய்தியெல்லாம் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும்.

கிறைஸ்ட்சர்ச் நிலத்தடி நீர் அப்போது குளோரின்கூடப் போடாமல் குழாயில் வந்த நல்ல நீர். ஊர்க்காரர்களுக்கு அதில் பெருமை உண்டு. அந்த ஊரில் ஏப்ரல் வரை தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடித்தோம். எனக்கு அது பழக்கப்பட்ட வேலை. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பது வயதைத் தாண்டியிருந்தது. அவருக்கும் சேர்த்துப் பெரிய குண்டானில் கொதிக்கவைத்து, ஆறவைத்து, இட்லித் துணியில் வடிகட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் தோட்டத்து பீட்ரூட்டை எனக்குக் கொடுப்பார்.

அரசாங்கம் வரும் முன்பே வந்தவர்கள் மாணவர்கள். கேன்டர்பரி பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஃபேஸ்புக்கில் ஒன்றுகூடி ‘மாணவர் தொண்டர் படை’ என்று ஆயிரக்கணக்கில் மண்வெட்டியோடு இறங்கினார்கள். கிராமத்து விவசாயிகள் டிராக்டரோடு வந்தார்கள். எங்கள் வாசலில் முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் நிறச் சேறு. பெயர்கூடச் சொல்லாமல் வந்து, அள்ளித் தெருவோரம் குவித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். வெண்பொங்கல் கிண்டி ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். கரண்டி போதவில்லை, கையாலேயே சாப்பிட்டார்கள்.

அந்தச் சேறு எங்கிருந்து வந்தது? ‘லிக்விஃபேக்‌ஷன்’ என்று பாடத்தில் படிக்கிறோம். நேரில் எப்படி இருக்கும்?
– சிவில் பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

தம்பி, மெரினாவில் ஈர மணலில் நின்று பாதத்தை ஆட்டிக்கொண்டே இருந்தால் மணல் இளகித் தண்ணீர் மேலே வருமே, அதுதான், ஒரு நகரத்தின் அளவில். கிறைஸ்ட்சர்ச்சின் கிழக்குப் பகுதி ஒருகாலத்தில் சதுப்பு நிலம். அடியில் தளர்வான மணலும் வண்டலும், அதில் மேலாகவே நிற்கும் நிலத்தடி நீர். குலுங்கும்போது மணல் துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியை விட்டுவிடுகின்றன. நீர் அழுத்தம் ஏறி, கிடைத்த விரிசல் வழியாக மண்ணோடு பீறிடுகிறது. எங்கள் முற்றத்தில் சின்னச் சின்ன எரிமலை மாதிரி கூம்புகள், நடுவில் துளை, அதிலிருந்து குபுகுபுவென்று சாம்பல் நிறச் சேறு. மணிக்கணக்கில் நிற்கவில்லை. காய்ந்ததும் மாவு மாதிரிப் பறக்கும், கழிவுநீர் கலந்திருப்பதால் நாறும். கனமான வீடு கீழே இறங்கும். காலியான கழிவுநீர்த் தொட்டியும் குழாயும் மேலே மிதந்து வரும்.

மலையடிவாரத்தில், ஹீத்கோட் பள்ளத்தாக்கில், நிலம் குலுங்கிய முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் பதிவானது. இதையும் உங்கள் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் பொறியாளராகப் போகிறீர்கள் என்பதால் ஒன்று சொல்கிறேன். இறந்த 185 பேரில் 115 பேர் ஒரே கட்டடத்தில் இறந்தார்கள். கேன்டர்பரி தொலைக்காட்சி இருந்த சிடிவி கட்டடம். 1980களில் கட்டிய ஆறு மாடி. உள்ளே ஆங்கிலம் கற்க வந்த ஜப்பான், சீன மாணவர்கள், மருத்துவ மையத்துக்காரர்கள், தொலைக்காட்சி ஊழியர்கள். செப்டம்பர் நடுக்கத்துக்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் ‘பயன்படுத்தலாம்’ என்று பச்சை அட்டை ஒட்டியிருந்தார்கள். வடிவமைப்பே அன்றைய விதிகளுக்குப் பொருந்தவில்லை, அனுமதியே கொடுத்திருக்கக் கூடாது என்று விசாரணை ஆணையம் சொன்னது. 2017ல் காவல்துறை யார் மீதும் வழக்குத் தொடரப்போவதில்லை என்று அறிவித்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் தலையில் அது எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. அதே ஊரில், ரப்பரும் ஈயமும் சேர்ந்த தாங்கிகள் மீது நிற்கும் பெண்கள் மருத்துவமனை ஒன்றும் ஆகாமல் இயங்கிக்கொண்டிருந்தது. இரண்டுமே மனிதர்கள் போட்ட கணக்குதான் தம்பி.

நீங்கள் முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவர். அவர்கள் இதையெல்லாம் எப்படித் தாங்கினார்கள்?
– ஒரு வாசகர், காரைக்குடி

இதை யாரும் கேட்பதில்லை. கேட்டதற்கு நன்றி ஐயா.

பிப்ரவரிக்குப் பிறகு பல இல்லங்களில் தண்ணீர் இல்லை, கழிவறை இல்லை, தரை சாய்ந்துவிட்டது. படுத்த படுக்கையாக இருப்பவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நூற்றுக்கணக்கான முதியவர்களை நாட்டின் வேறு ஊர்களில் இருந்த இல்லங்களுக்கு அனுப்பினார்கள். உயிரைக் காக்க வேறு வழியில்லை, அது சரியான முடிவுதான். ஆனால் அன்று நான் பெட்டி கட்டிக்கொடுத்தவர்களில் பலருக்கு மறதி நோய். எங்கே போகிறோம், ஏன் போகிறோம் என்று தெரியாது. ஒரு பெரியவர் தன் மனைவி வந்தால் எங்கே தேடுவாள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மனைவி இறந்து வருடங்கள் ஆகியிருந்தன. அவருடைய சட்டைப் பையில் பெயர், மருந்துகள், தேநீரில் எத்தனை கரண்டி சர்க்கரை, எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பார் என்று எழுதி வைத்தேன். புது இடத்தில் யாருக்கு இதெல்லாம் தெரியும்?

சிலர் திரும்பி வந்தார்கள். சிலர் போன இடத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இறந்தோர் பட்டியலில் அவர்கள் பெயர் கிடையாது.

வீட்டில் தனியாக இருந்த முதியவர்கள் நிலை இன்னும் சிரமம். எண்பத்தைந்து வயதில் ஒருவரிடம், உங்கள் வீடு நாலைந்து வருடத்தில் சரியாகும் என்று சொன்னால் என்ன அர்த்தம்? தகராறுகளில் வயதானவர்களின் கோப்பை முதலில் முடித்திருக்க வேண்டும். பேரிடர் நடந்த எந்த ஊர்க்காரர் என்னிடம் யோசனை கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

‘சிவப்பு மண்டலம்’ என்று அறிவித்து அரசாங்கமே வீடுகளை வாங்கிக்கொண்டதாமே? நியாயமான விலை கிடைத்ததா? சொந்த வீட்டை விட்டு வர எப்படி மனம் வந்தது?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

எங்கள் வீடும் அதில் போனதுதான். 2011 ஜூன் 23 அன்று பிரதமர் ஜான் கீயும் அமைச்சர் ஜெர்ரி பிரவுன்லியும் அறிவித்தார்கள். ஆற்றங்கரை நிலம் மறுபடி வீடு கட்டத் தகுதியற்றது, அதைச் சீர்செய்யும் செலவும் காலமும் கட்டுப்படியாகாது என்று. ஊரை வண்ணம் வண்ணமாகப் பிரித்தார்கள். சிவப்பு என்றால் கிளம்ப வேண்டும். பச்சை என்றால் பழுது பார்த்துக்கொண்டு இருக்கலாம். ஆரஞ்சு என்றால் இன்னும் முடிவில்லை. முகவரியைத் தட்டினால் நிறம் காட்டும் இணையதளம் ஒன்று திறந்தார்கள். இரவுப் பணி முடிந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து முகவரியைத் தட்டினேன். சிவப்பு.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மூச்சு வந்த மாதிரி இருந்தது. அழுதேன், ஆனாலும் நிம்மதி. நாலு மாதமாகத் தெரியாமல் கிடந்தது தெரிந்துவிட்டது. தெருக்கோடியில் ஆரஞ்சு வந்த குடும்பங்கள்தான் மறுபடி மாதக்கணக்கில் தவித்தன. கடைசியில் மொத்தம் ஏறக்குறைய எட்டாயிரம் வீட்டுமனைகள் சிவப்பாயின.

விலை 2007ஆம் ஆண்டின் அரசு மதிப்பு. இரண்டு வழி கொடுத்தார்கள். நிலம், வீடு இரண்டையும் அந்த மதிப்புக்குக் கொடுத்துவிட்டு வரலாம். இல்லையென்றால் நிலத்தை மட்டும் அரசுக்குக் கொடுத்து, வீட்டுக்குக் காப்பீட்டு நிறுவனத்தோடு தனியாகப் பேசிக்கொள்ளலாம். பேசிக்கொண்டிருக்கத் தெம்பில்லை என்று நாங்கள் முதல் வழியை எடுத்தோம். 2007க்குப் பிறகு செலவழித்து வீட்டைப் புதுப்பித்த பலருக்கு நஷ்டம். கிழக்கே ஆற்றங்கரையில் கிடைத்த பணத்துக்கு மேற்கே அதே அளவு வீடு கிடைக்கவில்லை. வாடகையும் ஏறிவிட்டது. ரோலஸ்டனில் சின்ன வீடாகப் பார்த்துப் போனோம். வேலைக்குப் போகும் தூரம் பல மடங்கானது.

பெரிய அநியாயம் ஒன்று நடந்தது. காப்பீடு இல்லாத வீட்டுக்காரர்களுக்கும் காலிமனை வைத்திருந்தவர்களுக்கும் 2012ல் நில மதிப்பில் பாதிதான் தருவதாகச் சொன்னார்கள். காலிமனைக்குக் காப்பீடு எடுக்கவே முடியாது, அப்புறம் எப்படி அதைக் குற்றமாக்குவது? அவர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2015ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்று, அரசு மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்றது.

இப்போது அங்கே வீடுகள் இல்லை. இடித்து எடுத்துவிட்டுப் புல் போட்டிருக்கிறார்கள். மரங்களை மட்டும் விட்டுவைத்தார்கள். எங்கள் வீட்டு எலுமிச்சை மரம் இன்னும் காய்க்கிறது, யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம். பிளம், ஆப்பிள் பறிக்க ஊர் ஜனங்கள் பையோடு வருகிறார்கள். அறுநூறு ஹெக்டேர் நிலத்தை ஆற்றோரக் காடாகவும் ஈரநிலமாகவும் நடைபாதையாகவும் மாற்றும் திட்டத்துக்கு 2019ல் ஒப்புதல் கிடைத்தது. நல்ல திட்டம், வெள்ளம் வந்தால் தண்ணீர் பரவ இடம் இருக்கும். நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

சுனாமிக்குப் பிறகு என் அக்கா பிள்ளைகள் வருடக்கணக்கில் தூங்கப் பயந்தார்கள். உங்கள் பிள்ளைகளை எப்படித் தேற்றினீர்கள்?
– ஒரு வாசகி, நாகப்பட்டினம்

என் மகன் அப்போது ஒன்றாம் வகுப்பு. லாரி போனால்கூட மேசைக்கு அடியில் போய்விடுவான். ‘பயப்படாதே, இனி வராது’ என்று சொல்லத் தோன்றும். சொல்லவில்லை. மறுநாளே வந்தது என்றால் அப்புறம் அம்மா சொல்வதை எப்படி நம்புவான்? வந்தால் என்ன செய்வோம் என்பதை மட்டும் பழக்கினோம். குனி, மறைந்துகொள், பிடித்துக்கொள். பள்ளியிலும் அதையே சொல்லிக்கொடுத்தார்கள். படுக்கைக்குப் பக்கத்தில் செருப்பும் டார்ச்சும் வைத்துக்கொண்டு தூங்குவான். கண்ணாடி உடைந்தால் வெறுங்காலோடு நடக்கக் கூடாது இல்லையா?

மகள் படித்த உயர்நிலைப் பள்ளிக் கட்டடம் பாதிக்கப்பட்டதால், ஊரின் மறுபக்கம் வேறொரு பள்ளியில் இடம் கொடுத்தார்கள். அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையில் வகுப்பு, எங்கள் பிள்ளைகளுக்கு மதியம் தொடங்கி மாலை வரை. குளிர்காலத்தில் இருட்டிய பிறகு பஸ்ஸில் வீடு வந்து சேர்வாள். அலுத்துக்கொண்டாலும், தோழிகள் அதே தோழிகள், டீச்சர் அதே டீச்சர். பிள்ளைகளைப் பிரித்து வேறு வேறு பள்ளிகளில் போடாமல் ஒன்றாக வைத்திருந்தது பெரிய உதவி. உங்கள் அக்கா பிள்ளைகள் இப்போது வளர்ந்திருப்பார்கள். இன்னும் பயம் இருந்தால் ஆலோசகரைப் பார்க்கச் சொல்லுங்கள். இங்கே 2013ல் ‘நீங்கள் நலமா?’ என்ற பொருளில் ஊர் முழுக்கப் பலகை வைத்து ஓர் இயக்கமே நடத்தினார்கள். அதைப் பார்த்த பிறகுதான் என் கணவர் தனக்குத் தூக்கமில்லை என்பதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொன்னார்.

இப்போது பயம் போய்விட்டதா?
– ஒரு வாசகர், தேனி

இல்லை. 2016 நவம்பரில் கைக்கோராவில் 7.8 வந்தபோது நள்ளிரவில் இங்கேயும் நீளமாக ஆடியது. எழுந்து பிள்ளைகள் அறைக்குப் போய் நின்றேன். மகன் செருப்பு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இடம்பெயர்ந்து போய் வருடங்கள் கழித்து ஊர் திரும்பியவர்கள் நாங்கள். உங்கள் நகரம் பழையபடி ஆகிவிட்டதா? நடுவில் ஒரு பெரிய தேவாலயம் இருந்ததே, அது என்ன ஆயிற்று?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பழையபடி ஆகவில்லை, ஆகப்போவதும் இல்லை. நகர மையத்தைச் சுற்றி வேலி போட்டு ராணுவம் காவல் நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கி, 2013 ஜூனில்தான் முழுசாக எடுத்தார்கள். உள்ளே போனால் எந்த முனையில் நிற்கிறோம் என்று தெரியவில்லை. அடையாளம் சொன்ன கட்டடங்களில் பெரும்பாலானவை இல்லை. காலியிடம், சரளைக்கல், வாகன நிறுத்தம். உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் காத்திருக்காமல் செய்த சில காரியங்கள் உண்டு. 2011 அக்டோபரிலேயே கப்பல் கன்டெய்னர்களை வண்ணமடித்து அடுக்கி ஒரு கடைவீதி திறந்தார்கள். அங்கே நின்று காபி குடித்தபோது பக்கத்தில் முன்பின் தெரியாத பெண்மணி அழுதுகொண்டிருந்தார், நானும் அழுதேன். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் அட்டைக் குழாய்களைக் கொண்டு வடிவமைத்த தற்காலிக தேவாலயம் 2013ல் திறந்தது. இடிந்துபோன இடங்களில் தன்னார்வலர்கள் சின்ன மேடை, புத்தக அலமாரி, நடனத் தளம் என்று வைத்தார்கள். 2015 டிசம்பரில் மார்கரெட் மாஹி விளையாட்டுத் திடல், 2018ல் துரங்கா நூலகம், 2019ல் டவுன் ஹால். துரங்காவுக்குப் போனால் எனக்கு மனம் நிறைந்துவிடும். எல்லா ஊர்ப் பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

நீங்கள் கேட்ட பெரிய தேவாலயத்தின் கோபுரம் பிப்ரவரியில் விழுந்தது. இடிக்கலாம் என்று திருச்சபை சொன்னது. கூடாது என்று பாரம்பரியக் காவலர்கள் நீதிமன்றம் போனார்கள். 2017 செப்டம்பரில்தான் மீட்டுக் கட்டுவது என்று திருச்சபை மன்றம் வாக்களித்தது. 2020ல் வேலை தொடங்கியது. செலவு கைமீறிப் போய், 2024ல் பணமில்லாமல் நிறுத்திவிட்டார்கள். சதுக்கத்தின் நடுவில் பாதி உடம்போடு நிற்கிறது. எனக்குக் கட்டடக் கலை தெரியாது. ஆனால் 2012லேயே இரண்டில் ஒன்றை முடிவெடுத்திருந்தால், அது எதுவாக இருந்தாலும், இன்று ஊரின் நடுவே ஏதோ ஒன்று முழுமையாக நின்றிருக்கும்.

எங்கள் ஊர்ப் பக்கம் நிலநடுக்கம் பெரிதாக வந்ததில்லை. இருந்தாலும் வீட்டுக்குக் காப்பீடு எடுக்கலாமா? எடுத்தால் எதைக் கவனிக்க வேண்டும்?
– ஒரு வாசகர், சேலம்

எடுங்கள். வெள்ளம், புயல், தீ என்று வேறு எத்தனையோ இருக்கிறதே. திண்டுக்கல்லில் என் தம்பி வீட்டுக்கு எடுத்தபோது நானும் சேர்ந்துதான் பார்த்தேன். 2021 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுவான பாலிசி இருக்கிறது. தீயோடு நிலநடுக்கம், வெள்ளம், புயலும் அதில் அடக்கம்.

காப்பீட்டுத் தொகை என்பது மனையின் சந்தை விலை இல்லை. அதே வீட்டை இன்றைய கூலி, சிமென்ட், கம்பி விலையில் மறுபடி கட்ட ஆகும் செலவு. பத்து வருடத்துக்கு முன்பு போட்ட தொகையை அப்படியே விட்டுவிடாதீர்கள். இங்கே நடுக்கத்துக்கு முன்பு, எவ்வளவு செலவானாலும் கட்டித் தருவோம் என்ற வகைப் பாலிசிகள் இருந்தன. 2013 வாக்கில் நிறுவனங்கள் அதைக் கைவிட்டு, தொகையை நீங்களே சொல்லுங்கள் என்று மாற்றிவிட்டன. குறைத்துச் சொன்னால் குறைத்துத்தான் கிடைக்கும்.

வீட்டின் இன்றைய நிலையைப் படம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு அறையிலும் நாலு சுவர், தரை, கூரை, வெளிப்பக்கம் அஸ்திவாரம் தெரிகிற மாதிரி. ஏற்கெனவே இருக்கும் விரிசலையும் பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுங்கள். என் தோழி இதைச் செய்திருந்த ஒரே அறைக்கு மட்டும் யாரும் தகராறு செய்யவில்லை. பீரோவைத் திறந்து, சமையலறை அலமாரியைத் திறந்து உள்ளிருப்பதையும் எடுங்கள். இட்லிக் குண்டான், கிரைண்டர், பட்டுப்புடவை எல்லாம் பொருள்தான்.

நிறுவனத்தோடு தொலைபேசியில் பேசினால் தேதி, பேசியவர் பெயர், சொன்ன வார்த்தை மூன்றையும் நோட்டில் குறித்துவிட்டு, அன்றே அதை மின்னஞ்சலாகவும் அவர்களுக்கு அனுப்புங்கள். எந்தத் தேதிக்குள் பதில் வரும் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். படங்களையும் பாலிசியின் நகலையும் வேறு ஊரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பி வைத்துவிடுங்கள்.